'ஜிப்டு': ஏமாத்துறதுக்கு ஒரு இனத்தோட பேரு

இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பத்திதான் பேசப்போறோம். கடையில காசு கூடுதலா பிடுங்கிட்டா, அமெரிக்கர்கள் சிலர் "ஐ காட் ஜிப்டு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. "என்னை ஏமாத்திட்டாங்க"ன்னு அர்த்தம். பேன்ட்ல இருக்கிற ஜிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதோட ஸ்பெல்லிங் ஜி, ஒய், பி.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்த வார்த்தை இது. பெரும்பாலும் 'ஜிப்ஸி'ங்கிற பேரோட சுருக்கமா இருக்கும்னு அகராதிகள் சொல்லுது. அதாவது, ஒரு இனத்தோட பேரே 'ஏமாத்து'ங்கிற வினைச்சொல்லா ஆகிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, 'ஜிப்ஸி'யே தப்பான பேரு. ரோமா மக்கள் இங்கிலாந்துக்கு வந்தப்போ, எகிப்துலேர்ந்து வந்தவங்கன்னு நினைச்சு 'எகிப்ஷியன்'னு கூப்பிட்டாங்க. அந்தப் பேரு தேய்ஞ்சுதான் 'ஜிப்ஸி' ஆச்சு. உண்மையில அவங்களோட முன்னோர்கள் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வட இந்தியாவிலிருந்து மேற்கே போனவங்க. அவங்க மொழியே அதுக்கு சாட்சி. தண்ணிக்கு 'பானி', மூக்குக்கு 'நாக்', ஒண்ணு ரெண்டுக்கு 'யேக், துய்'. ஹிந்தி தெரிஞ்ச யாருக்கும் இது புரியும்.

சரி, ஏமாத்துக்காரர்ங்கிற பட்டம் எப்படி வந்துச்சு? அவங்களுக்கு சொந்த நிலம் கிடையாது. ஊர் ஊராப் போய் குதிரை விக்கிறது, பாத்திரம் பழுது பாக்குறது, குறி சொல்றதுதான் பிழைப்பு. நாளைக்கு இருக்கமாட்டான்னா, இன்னைக்கே அவன்மேல சந்தேகம்தானே! அந்த சந்தேகம் சட்டமாவே ஆச்சு. இங்கிலாந்துல எட்டாம் ஹென்றி 1530-ல கொண்டுவந்த சட்டம், இவங்க கைரேகை பார்த்து மக்களை ஏமாத்துறாங்கன்னு சொல்லியே நாட்டை விட்டுப் போகச் சொன்னது. 1554-ல வந்த சட்டம், போகாம தங்கினா மரண தண்டனைன்னு சொன்னது. அதாவது முதல்ல குற்றச்சாட்டு, அப்புறம் சட்டம், 300 வருஷம் கழிச்சு வார்த்தை. இந்தப் பார்வையோட உச்சம் நாஜி ஜெர்மனி. பிறவியிலேயே குற்றவாளிகள்னு முத்திரை குத்தி, குறைந்தபட்சம் 2,50,000 ரோமா, சின்டி மக்களைக் கொன்னாங்கன்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க.

நமக்கும் இது புதுசு இல்ல. 1871-ல பிரிட்டிஷ் அரசு இந்தியாவுல குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துச்சு. 1911-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. நம்ம ஊர்ல கைரேகைச் சட்டம்னு சொல்றது இதைத்தான். தப்பு செஞ்சானான்னு கேள்வியே இல்ல, எந்தச் சாதியில பிறந்தான்ங்கிறதுதான் கேள்வி. சட்டம் போயிடுச்சு. ஆனா சாதிப் பேரை வசவா சொல்ற பழக்கம் இன்னும் நம்ம வாயில இருக்கு.

'ஜிப்டு'ன்னு சொல்ற பலருக்கும் இந்தக் கதை தெரியாது. கெட்ட எண்ணத்தோட சொல்றதும் இல்ல. ஆனா கேட்கிற ரோமா ஒருத்தருக்கு, அது தன் பேரை வெச்சே தன்னைத் திருடன்னு சொல்ற மாதிரி. 'சீட்டட்'னு சொன்னாலே விஷயம் புரிஞ்சிடுமே!

அடுத்த எபிசோடுல வேற ஒரு வார்த்தையோட சந்திப்போம்.