தீப்பெட்டி இரயிலும் தச்சன் செய்த சிறுதேரும்

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் இருக்கும் நமது பூர்வீக வீட்டின் பரணைச் சென்ற கோடை விடுமுறையில்தான் ஒழித்தோம். கொலுப் பொம்மைகள் வைக்கும் தகரப் பெட்டியின் அடியில், வைக்கோலுக்கும் மக்கிய நாளிதழ்த் தாள்களுக்கும் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகப் பேருந்து ஒன்று கிடைத்தது. வண்ணம் பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. முன்சக்கரம் ஒன்றின் இரப்பர் வளையத்தைக் காணோம். திருப்பிப் பார்த்தால் அடித்தட்டில் ஆங்கில எழுத்துகளில் 'நிக்கி' என்ற பெயர். கல்கத்தாவில் வேலை பார்த்த பெரிய மாமா 1970களில் கொண்டுவந்து கொடுத்தது என்று அம்மா நினைவுபடுத்தினார்.

உண்மையில் பரணில் நாம் தேடியது வேறொன்று. சிறுவயதில் நாம் நாள் தவறாமல் செய்து ஓட்டிய தீப்பெட்டி இரயிலின் ஒரு பெட்டியாவது அகப்படாதா என்றுதான் துழாவினோம். ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கொலுவில் மட்டும் எட்டிப்பார்த்த பேருந்து பிழைத்திருக்கிறது. அன்றாடம் ஓடிய இரயில் அழிந்துவிட்டது. பொம்மை வண்டிகளின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்த முரணைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று தோன்றியது.

முதலில் பேருந்தின் குலமுறையைக் கூறிவிடுகிறோம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பொருத்தி விளையாடும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றவர். மெக்கானோ என்று பின்னர் உலகம் அறிந்த விளையாட்டு அதுதான். 1920இல் அவரது நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை இரயில்களை விற்கத் தொடங்கியது. தண்டவாளமும் எஞ்சினும் வந்தபின் நிலையம் வேண்டுமல்லவா? நிலையம் வந்தால் அங்கே நிற்க ஆள் வேண்டும். நிலைய ஊழியர், பயணியர், பொறியியல் பணியாளர், பண்ணை விலங்குகள் என ஒவ்வொன்றும் எண்ணிட்ட சிறு தொகுதிகளாக வெளிவந்தன. 1933 டிசம்பரில் 22ஆம் எண்ணுடன் வந்த தொகுதியில் ஆறு வண்டிகள் இருந்தன. இரண்டு கார்கள், ஒரு லாரி, ஒரு வேன், ஓர் உழவு இயந்திரம், ஒரு பீரங்கி வண்டி. நிலைய வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்கச் செய்யப்பட்ட இவற்றைச் சிறுவர்கள் இரயிலை விட்டுவிட்டுத் தனியே கேட்டு வாங்கினர். 1934இல் அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்ற பெயர் அமைந்தது. துணைப்பொருளாக வந்தது தலைமைப் பொருளாயிற்று.

அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் அழியவில்லை. பிரிட்டனின் 'ஓ' அளவு இரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அதாவது நிசப்பொருளில் ஏறத்தாழ 43இல் ஒரு பங்கு. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் கார்களின் அளவு இன்றும் அதே 43இல் ஒரு பங்குதான். அருகில் இரயிலே இல்லாதபோதும் கார் இரயிலின் அளவையே சுமந்து திரிகிறது.

லிவர்பூல் வண்டி வத்திராயிருப்புப் பக்கம் வந்த வழி சுவையானது. இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த 1960களின் பிற்பகுதியில், டிங்கி நிறுவனம் பயன்படுத்தி முடித்த பழைய அச்சுகள் சில கல்கத்தாவை அடைந்தன. அவற்றைக்கொண்டு அங்கே வார்க்கப்பட்டவையே நிக்கி வண்டிகள். அச்சிலிருந்த டிங்கி என்ற பெயரை மாற்றி நிக்கி என்று பொறித்தனர். டிங்கி வரிசையில் இருந்த ஸ்டாண்டர்டு அட்லஸ் என்னும் சிற்றுந்து, இங்கே 'ஸ்டாண்டர்டு 20' ஆயிற்று. அப்பெயர் கொண்ட நிசமான வண்டியைச் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் உற்பத்தி செய்துவந்தது. ஆகவே நம் கையிலுள்ள பேருந்து அச்சால் ஆங்கிலேயன், வார்ப்பால் வங்காளி, பெயரால் சென்னைவாசி! லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது.

மேலைநாட்டுச் சேகரிப்பாளர்க்கு இவ்வண்டி பெரிதாகப் படாது. அவர்கள் உலகில் பொம்மைக்கு நிகராக அதன் அட்டைப் பெட்டிக்கும் மதிப்புண்டு. குழந்தையின் கை படாத வண்ணப்பூச்சுக்கு விலை ஏறும். கை படாவிட்டாலும் காலம் விடுவதில்லை. துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், வார்ப்பு உள்ளுக்குள் அரித்து, வீங்கி, வெடித்து, ஒருநாள் பொடியாக உதிரும். போருக்கு முந்தைய டிங்கி வண்டிகள் பலவற்றுக்கு இக்கதி நேர்ந்தது. பூட்டிவைத்த பேழைக்குள்ளேயே அவை தாமாக மாண்டன.

நம் மரபில் இத்தகைய பேழை இருந்ததா? பொருளாக இருந்ததாகத் தெரியவில்லை. சொல்லாக இருந்தது.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் ஒரு காட்சி காட்டுகிறார். தச்சன் செய்து தந்த சிறுகுதிரை பூட்டிய வண்டியில் சிறுவர்கள் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்துப்போவதிலேயே அவர்கள் இன்பம் காண்கின்றனர். தலைவனை முழுதும் அடையாவிடினும் அவனது நட்பே போதும் என்று தோழி கூறும் கூற்றுக்கு இது உவமை. பொம்மை வண்டியின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. ஏறிச் செல்ல முடியாத ஒன்றின்மீது கொள்ளும் மகிழ்ச்சி என்பதற்குமேல் சேகரிப்பாளர்கூட என்ன சொல்லிவிட முடியும்?

கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்கு இவ்வண்டியின்மேல் தனிப்பட்ட பற்று இருந்திருக்க வேண்டும். அவர் பாடிய இரு பாட்டுகளிலும் அது உருண்டோடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்துச் சிறுவர்கள் உருட்டும் தேர், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே கண்டு ஆசைப்படும் வேலைப்பாடு கொண்டது. உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியரிடம் பாலுண்டு உறங்கிப்போகின்றனர். பட்டினப்பாலையில் வருவது மூன்று சக்கரத் தேர். காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் காயும் உணவைக் கொத்தவந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவன் உருட்டிவரும் தேரின் சக்கரத்தைத் தடுக்கிறது. செல்வத்தைப் புகழவந்த புலவர் ஒரு குழந்தையின் விளையாட்டு தடைப்பட்டதையும் மறவாமல் குறித்துவிட்டார்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது சூத்திரகரின் மிருச்சகடிகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியற் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டி போல் வேண்டுமென்று வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அழ, அவனுக்குக் கிடைப்பது மண்வண்டி. வசந்தசேனை தன் நகைகளால் அதை நிறைக்கிறாள். அங்கே பொன் வண்டியைத் தடுத்தது, இங்கே பொன் வண்டியில் ஏறியது. இரண்டிலும் விளையாட்டுக்கு வெளியே இருந்து பொருளியல் எட்டிப்பார்க்கிறது.

பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகவே சிறுதேர் நிலைபெற்றது. பிள்ளைத்தமிழுக்கு முன்னோடியான பெரியாழ்வார் நம் பக்கத்துத் திருவில்லிபுத்தூர்க்காரர். ஆடிப்பூரத்தன்று அவ்வூர்ப் பெருந்தேரின் வடத்தைத் தொட்டுவிட்டு வரும் பிள்ளைகள், திருவிழாக் கடையில் மூன்று சக்கர நடைவண்டிக்கு அடம்பிடிப்பதை இன்றும் காணலாம். பட்டினப்பாலையை நடத்தும்போது நாம் மாணவர்க்கு அந்த நடைவண்டியைத்தான் உவமை சொல்வது வழக்கம்.

மண்ணும் தன் பங்குக்குச் சில வண்டிகளைக் காத்துவைத்திருக்கிறது. அரப்பாவில் சுடுமண் வண்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. மக்கே 1935–36இல் அகழ்ந்த சான்குதாரோவில் உலோகத்தாலான சிறுவண்டிகளும் கிடைத்தன. மராட்டிய மாநிலம் தைமாபாத்தில் 1974இல் ஓர் உழவரின் கண்ணில்பட்ட வெண்கலத் தேர் 45 செ.மீ. நீளம். இரு காளைகள் பூட்டி, மேலே ஒருவன் நிற்கிறான். சுடுமண்ணும் வெண்கலமும் காலத்தை வென்றன. சங்கத்துத் தச்சர் செய்த மரத்தேர்களில் ஒன்றேனும் நம் கைக்கு வரவில்லை. பனங்காட்டில் நாம் உருட்டிய நுங்கு வண்டி ஒரு வாரத்திற்குள் வாடிச் சுருங்கியது போலத்தான் அவையும் போயிருக்கும்.

தமிழ் வீட்டில் பொம்மையைப் பேணிவைத்த ஒரே இடம் கொலுப்படி. அப்படியின் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கிப் 'பார்க்' அமைப்பார்கள். அங்கே ஒரு இரயில் நிலையமும் சில கார்களும் கட்டாயம் உண்டு. ஐரோப்பியர் ஆண்டு முழுவதும் மேசைமேல் விரித்துவைத்த இரயில் உலகை நம்மவர் ஒன்பது நாளில் கட்டிக் கலைத்தனர். புணேயில் ஜோஷி அவர்கள் 1998இல் திறந்த சிற்றுரு இரயில் அருங்காட்சியகத்தைப் போல நிலைத்த ஒன்று தமிழ் வீடுகளில் உருவாகவில்லை. மாமாவின் பேருந்து தப்பியது கொலுப்பெட்டியின் தயவால்தான்.

இனித் தீப்பெட்டி இரயிலுக்கு வருவோம். வ. புதுப்பட்டிக்கு இரயில் கிடையாது. 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசிப் பாதை திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியே போய்விட்டது. பேருந்தேறித் திருவில்லிபுத்தூர் போனால்தான் கரி எஞ்சினைப் பார்க்கலாம். பார்த்துவந்த மறுநாள் வீட்டுத் திண்ணையில் நமது இரயில் கிளம்பிவிடும். ஒரு தீப்பெட்டியின் அடிப்பெட்டியைப் பாதி வெளியே இழுத்து, அடுத்ததன் மேல்பெட்டிக்குள் செருக வேண்டும். இப்படியே பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். முதல் பெட்டியின்மேல் ஒன்றைக் குத்தவைத்தால் எஞ்சின். நூல் கட்டி இழுத்தால் திண்ணையின் ஒரு கோடி செங்கோட்டை, மறு கோடி விருதுநகர்.

இங்கிலாந்திலும் தீப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்மை உலகம் பிறந்தது. லெஸ்னி நிறுவனத்து ஜேக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்பது விதி. மகளுக்காக அவர் அந்த அளவில் சாலை உருளை ஒன்றைப் பித்தளையில் செய்து கொடுத்தார். 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் சந்தைக்கு வந்ததன் தொடக்கம் அது. அவர்கள் பெட்டிக்குள் வண்டியை வைத்தனர். நாம் பெட்டியையே வண்டியாக்கினோம்.

நமக்குப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுவந்து, மறு ஆண்டே ஆலை தொடங்கினர். அதே கல்கத்தாவிலிருந்துதான் நமது பேருந்தும் வந்தது என்பது தற்செயல். சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தீப்பெட்டி ஆபீசுகள் பெருகின. கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் ஊர்தோறும் நுழைந்தன. ஒட்டிய பெட்டியைக் குரோஸ் கணக்கில் எண்ணிக் கொடுப்பார்கள். ஒரு குரோஸ் என்பது 144.

எதிர்வீட்டு அக்கா ஒருவர் பழுதான பெட்டிகளை ஒதுக்கிவைத்து நமக்குத் தருவார். நம் இரயிலின் அத்தனை பெட்டிகளும் அவர் கை ஒட்டியவை. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயதுக்குமேல் இராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. நாம் இழுத்து விளையாடுவதை ஒட்டிக்கொண்டே பார்ப்பார். அவர் எழுந்துவந்து இழுத்ததாக நினைவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் விரிவான தீர்ப்பு வழங்கியது 1996 டிசம்பரில். சிறாரைப் பணியில் அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அதற்குள் அக்காவுக்குத் திருமணம் முடிந்திருந்தது.

பரணில் இரயில் கிடைக்காத மறுநாள் அவரைத் தேடிப்போனோம். மரச்சில்லுப் பெட்டி ஒன்றாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டோம்.

"அதப் போயி யாராச்சும் வச்சிருப்பாகளா தம்பி? ஒட்டுனது எல்லாம் ஆபீசுக்குல்ல போயிரும்" என்று சிரித்தார்.

பிறகு என்ன நினைத்தாரோ, பேத்தியின் பழைய நோட்டு அட்டையைக் கேட்டு வாங்கினார். அளக்கவில்லை. நகத்தால் மடிப்புக் கீறி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, பேசிக்கொண்டே அடிப்பெட்டி ஒன்றும் மேல்பெட்டி ஒன்றும் செய்து முடித்தார். ஒன்றுக்குள் ஒன்று பிசகின்றி நுழைந்தது. அவரது பேத்தி அதை வாங்கி, நூல் கட்டித் தரையில் இழுத்துப் பார்த்தாள்.

இன்னொன்று செய்து தரச் சொல்லி வாங்கிவந்தோம். இப்போது நமது படிப்பறை அலமாரியில் நிக்கி பேருந்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. பேருந்தின் பெயரை அடித்தட்டே சொல்லிவிடும். பெட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லாததால், செய்தவர் பெயரையும் ஊரையும் நாளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறோம். வாசகர்கள் வீட்டுப் பரணிலும் இத்தகையவை இருக்கக்கூடும். எடைக்குப் போடும்முன் யார் செய்தது, யார் விளையாடியது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்க வேண்டுகிறோம்.