மானிப்பாயில் மலர்ந்த தமிழ் மருத்துவக் கல்வி

ஒரு நாட்டிலே விஞ்ஞானக் கல்வி எந்த அளவிற்கு ஓங்கியது என்பதனை அறிய விழைவோர், அங்கு எழுந்த கல்லூரிகளையும் அங்கே பயின்று பட்டம் பெற்றோரையும் கணக்கிடுதல் வழக்கம். அக்கல்வி எவர்க்குக் கிட்டியது, எவர்க்குக் கிட்டாது போயிற்று என்னும் வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மொழி, ஊர், சாதி, பால், பொருள் நிலை என்பன விஞ்ஞானத்தின் வாயிலிலே காவலாளராய் நின்று சிலரை உள்ளே விடுத்துப் பலரைப் புறத்தே நிறுத்தியமை எந்நாட்டு வரலாற்றிலும் காணப்படும். இலங்கையின் வடபால் மானிப்பாய் என்னும் ஊரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த மருத்துவக் கல்வி முயற்சி, இக்காவலுள் ஒன்றாகிய மொழித் தடையை நீக்க முயன்றதாகும். அதன் வெற்றியும் குறையும் இன்றைய கல்விச் சிந்தனைக்கு ஒருங்கே பயன் தருவன.

வட்டுக்கோட்டைச் செமினறி

மேனாட்டு விஞ்ஞானம் யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு முறையாகப் புகட்டப்பட்டது அமெரிக்க மிசன் பாதிரிமார் 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியிலாகும். டானியல் பூர் என்பார் அதன் முதல் தலைவராய் விளங்கினார். கணிதம், வானசாத்திரம், இயற்கைத் தத்துவம் முதலியன அங்கே ஆங்கிலத்தில் உயர்தரமாகக் கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இச்செமினறியின் மாணாக்கரே. ஒரு சிற்றூர்க் கலாசாலை இத்தகைய அறிஞரைத் தந்தமை வியப்பிற்குரியது.

ஆயினும் அச்செமினறி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மிசன் சங்கத்தின் செயலாளரான றூபஸ் அன்டர்சன் என்பாரின் தலைமையில் வந்த குழுவினர், ஆங்கிலக் கல்வி இளைஞரைச் சமயப் பணிக்கு ஆக்காது அரசாங்க உத்தியோகத்திற்கே ஆக்குகின்றது எனக் கண்டனர். ஆகவே கிராமங்களில் தாய்மொழிப் பாடசாலைகளே போதுமென அவர் கருதினர். இம்முடிவிலே ஓர் உட்பொருள் உண்டு. தாய்மொழியிற் கற்பிப்பது என்பது ஈண்டுக் கல்வியின் உயரத்தைக் குறைப்பது என்றே பொருள்பட்டது. உயர்ந்த விஞ்ஞானம் ஆங்கிலத்தில், எழுத்தும் கணக்கும் தமிழில் என்னும் பிரிவினை அன்றே வேரூன்றியது.

கிறீன் வைத்தியரின் வருகை

இப்பிரிவினையை ஏற்க மறுத்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர். இவர் 1822 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றவர். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த இவர், முதலில் வட்டுக்கோட்டையிலிருந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். வைத்தியசாலையும் அதனோடிணைந்த மருத்துவ வகுப்பும் 1848 ஆம் ஆண்டளவில் அங்கே தோன்றின.

இவ்வாண்டின் சிறப்பினை மதித்தற்குப் பிற இடங்களை நோக்குதல் வேண்டும். கல்கத்தாவில் 1822 ஆம் ஆண்டிலே தோன்றிய சுதேச மருத்துவக் கழகத்திற் பாடங்கள் அந்நாட்டு மொழிகளிலே நடைபெற்றன. 1835 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டு, ஆங்கில வழியே கற்பிக்கும் மருத்துவக் கல்லூரி அதனிடத்தில் எழுந்தது. கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியதோ 1870 ஆம் ஆண்டிலாம். அதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னரே மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. கிறீனின் மாணாக்கர் நோயாளரின் அருகிருந்தே கற்றனர். காலையில் நூலிற் கண்டதனை மாலையில் நோயாளியின் உடலிற் கண்டனர் எனல் பொருந்தும்.

மொழி மாற்றம்

தொடக்கத்தில் கிறீனின் வகுப்பும் ஆங்கில வழியதே. செமினறியில் ஆங்கிலம் கற்றோரே அதற்கு மாணாக்கராய் வந்தனர். ஆனால், பயிற்சி முடித்தோருட் பலர் அரசாங்கச் சேவையை நாடிப் பிறவூர் சென்றனர். மருத்துவர் இன்றி நலிந்த கிராமங்கள் பழையபடியே இருந்தன. தாம் பயிற்றுவித்த அறிவு, அதற்கு மிகவும் வேண்டியவராகிய உழவரையும் தொழிலாளரையும் சென்றடையவில்லை என்பதனைக் கிறீன் உணர்ந்தார். 1857 ஆம் ஆண்டிலே தாயகம் சென்று, 1862 ஆம் ஆண்டில் மீண்டு வந்தபின், அவர் தம் கருத்தைச் செயலாக்கினார். 1864 ஆம் ஆண்டு தொடக்கம் மருத்துவ வகுப்பு முற்றிலும் தமிழில் நடைபெறலாயிற்று.

ஈண்டு அன்டர்சனின் கொள்கைக்கும் கிறீனின் கொள்கைக்கும் உள்ள வேற்றுமை நுணுகி நோக்கத்தக்கது. இருவரும் தாய்மொழிக் கல்வியை விரும்பினர். அன்டர்சன் கல்வியைச் சுருக்கித் தமிழுக்குள் அடக்க விரும்பினார். கிறீன் தமிழைப் பெருக்கி அதனுள்ளே கல்வி முழுவதையும் அமைக்க விரும்பினார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயில்வோன் எதனைக் கற்பானோ அதனையே, அவ்வளவினதாகவே, தமிழ் மாணாக்கனும் கற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு. அன்றியும், கற்றவர் தம் நாட்டு உடையையும் உணவையும் வழக்கங்களையும் துறந்து அயலாராதல் ஆகாது என்றும் அவர் கருதினார். கற்றவனும் கல்லாதவனும் ஒரே மொழி பேசி, ஒரே ஊரில் வாழ்ந்தாலன்றி அறிவு பரவாது என்பதே இதன் கருத்து.

நூல்களும் கலைச்சொற்களும்

இக்கொள்கை நிறைவேறுதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. கிறீனும் அவர்தம் மாணாக்கரும் பெருமுயற்சியோடு அவற்றை ஆக்கினர். கட்டர் என்பாரின் உடலியல் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் 1850 களிலே வெளிவந்தது. 1857 இல் 'பிரசவ வைத்தியம்', 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875 இல் 'கெமிஸ்தம்', 1883 இல் 'மனுஷ சுகரணம்' என நூல்கள் வரிசையாய்த் தோன்றின. இவையனைத்தும் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. கிறீன் 1873 ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றித் தாயகம் மீண்ட பின்னரும், 1884 ஆம் ஆண்டில் மறையும்வரை இந்நூற்பணியை விட்டாரல்லர்.

இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' தனிச் சிறப்புடையது. இது கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் வெளிவந்தது 1858 ஆம் ஆண்டிலாம். பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழ் மாணாக்கனின் கையிற் கிடைத்தது. ஒரு மருத்துவ நூல் கடல் கடந்து, மொழி மாறி, அச்சேறி வருதற்கு இஃது எக்காலத்தும் குறுகிய காலமே எனலாம்.

கலைச்சொற்களை ஆக்குதலிலே கிறீன் ஓர் ஒழுங்கினை மேற்கொண்டார். முதலில் தமிழ் வழக்கிலும் நூல்களிலும் சொல்லைத் தேடினார். அங்குக் கிடையாதாயின் வடமொழியை நாடினார். அங்கும் பொருந்துவது இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்திலே தமிழோசைக்கு இசைய எழுதினார். நூற்பெயர்களே இம்முறைக்குச் சான்றாகும். இரணம் என்பது நாட்டு வைத்தியர் நாவில் வழங்கிய சொல். அங்காதிபாதம் என்பதோ பாதாதிகேசம், கேசாதிபாதம் என உறுப்புக்களை முறையே பாடும் தமிழ்ப் புலவர் மரபினை நினைவூட்டுவது. கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல்லின் தமிழுருவம். புலவனும் பரிகாரியும் பாதிரியும் இச்சொற்களிலே கூடி நிற்கின்றனர்.

இம்முயற்சியாற் பயனடைந்தோர் எத்துணையர்? கிறீனிடம் ஆங்கிலத்திலும் தமிழிலும் பயின்று மருத்துவராயினோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் வழியே கற்றவர். எண்ணிக்கை சிறிதாயினும், ஆங்கிலம் அறியாதவன் விஞ்ஞானம் அறிதற்குத் தகுதியற்றவன் என்னும் கூற்றுப் பொய்யென நிறுவுதற்கு அது போதியதாயிற்று.

முயற்சியின் குறைகள்

புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் வரலாறு ஆகாது. மானிப்பாய் வகுப்பு மொழி என்னும் ஒரு வாயிலைத் திறந்தது. பிற வாயில்கள் அடைபட்டே கிடந்தன. கிறீனின் மருத்துவ மாணாக்கர் யாவரும் ஆடவரே. உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலை 1824 ஆம் ஆண்டிலே தோன்றியிருந்தும், அங்குக் கற்ற பெண்கள் மருத்துவ வகுப்பிற்கு வரவில்லை. பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சிட்ட ஊரிலே, அதனைப் படித்துத் தேறிய பெண் ஒருத்தியேனும் இல்லாதிருந்தமை அக்காலத்தின் பெருங்குறை. கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்றுக்கொண்டது 1892 ஆம் ஆண்டிலேயாம். இணுவிலிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை 1898 ஆம் ஆண்டில் தோன்றியபின்னரே நிலைமை சிறிது மாறியது.

சாதித் தடை அதனினும் உறுதியாய் நின்றது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குடிகளின் பிள்ளைகள் கல்விக்கூடத்துள் நுழைவதே அரிது. நுழைந்தோரும் நிலத்திலும் வெளியிலும் இருந்து கற்றனர். 1929 ஆம் ஆண்டளவிற் கல்விப் பகுதியினர் சம ஆசனம் வழங்குமாறு பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. அடுத்த ஆண்டிலே பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அந்நியர் தமிழரை ஒதுக்கியமையைக் கூறும் வரலாறு, தமிழர் தமிழரை ஒதுக்கியமையையும் கூறுதல் கடன்.

தமிழ்வழி மருத்துவ வகுப்பும் கிறீன் சென்றபின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அரசாங்கத் தொழிலும் ஊதியமும் மதிப்பும் ஆங்கிலத்தையே சார்ந்திருந்தன. 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்த அதே 1872 ஆம் ஆண்டிலே, ஆங்கில உயர்கல்வி வேண்டுமென்ற ஊரவரின் விருப்பத்தால் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. தம் பிள்ளைகள் முன்னேறுதலை விரும்பிய பெற்றோரைக் குறை கூறுதல் நேரிதன்று. கற்ற மொழிக்கு நாட்டிலே தொழில் இல்லையாயின், அம்மொழியிற் கற்பித்தல் மட்டும் சமத்துவத்தைத் தராது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

பிற்காலத்து நிகழ்ச்சிகள்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. பாடசாலைகளில் விஞ்ஞானமும் படிப்படியாகத் தாய்மொழிக்கு வந்தது. அரசகரும மொழித் திணைக்களம் பௌதிகம், இரசாயனம் முதலிய துறைகளுக்குக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிறீன் தனியொருவராய்த் தொடங்கிய பணியை அரசு மேற்கொண்டது என இதனைக் கொள்ளலாம்.

எனினும் நல்ல ஆய்வுகூடங்கள் கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய சில இடங்களிலேயே குவிந்திருந்தன. இவ்வேற்றுமையை நீக்குதல் என்னும் பெயரால் 1970 களிலே வந்த முறைகள் புதிய அநீதிக்கு இடமாயின. 1971 ஆம் ஆண்டிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற்கு அனுமதி பெறத் தமிழ் மொழியில் எழுதியோர்க்கு 250 புள்ளிகளும், சிங்கள மொழியில் எழுதியோர்க்கு 227 புள்ளிகளும் வேண்டப்பட்டன. பின்னர்த் தரப்படுத்தலும், 1974 ஆம் ஆண்டில் மாவட்டப் பங்கீடும் வந்தன. மொழியை அளவுகோலாகக் கொண்டு தகுதி வேறுபடுத்தப்பட்டமை தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஆறாப் புண்ணை உண்டாக்கிற்று. மொழிவழித் தரப்படுத்தல் பின்னர்க் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடும் தொடர்ந்தன. வன்னியிலும் மலையகத்திலும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இன்றிக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வொதுக்கீட்டாற் பயன்பெறுகின்றனர் என்பதும் மறுக்கலாகாத உண்மை. மொழி நோக்கிப் புள்ளி வேறுபடுத்தல் வேறு. வசதியின்மையை நோக்கி வழி திறத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் நீதியின் இரு பக்கங்களையும் இழப்பர்.

முடிவுரை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978 ஆம் ஆண்டிலே தொடங்கியது. மானிப்பாயிலிருந்து சில மைல் தூரத்திலே மீண்டும் மருத்துவக் கல்வி தழைத்தது. பெண்களும் அங்கே கற்கின்றனர். ஆயின் பாடமொழி ஆங்கிலமே. பாடசாலையிலே பதின்மூன்றாண்டுகள் தமிழில் விஞ்ஞானம் கற்ற மாணாக்கன், பல்கலைக்கழகத்தின் முதல் நாளிலே பிறமொழியை எதிர்கொள்கின்றான். நகரத்து மாணாக்கனுக்குச் சிறு படியாகத் தோன்றுவது, கிராமத்து மாணாக்கனுக்குப் பெருஞ் சுவராகின்றது. ஆங்கிலத்தை அனைவர்க்கும் இளமையிலிருந்தே செவ்வனே கற்பித்தலும், தமிழிலே தரமான விஞ்ஞான நூல்களை இடையறாது ஆக்குதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி இச்சுவர் தகராது.

மானிப்பாயில் இன்றும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர்தம் நூல்களின் கலைச்சொற்கள் பல வழக்கொழிந்தன. மருத்துவமும் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. ஆயினும், நோயாளியின் மொழியிலே மருத்துவன் கற்க இயலும் என்று அவர் செய்து காட்டிய உண்மை வழக்கொழியவில்லை. அவர் திறந்த வாயிலை அகலப்படுத்துதலும், அவர் காலத்தில் திறவாது கிடந்த வாயில்களைத் திறத்தலும் பின்வந்தோர்க்குரிய கடமைகளாம்.