கருவிக்குள் இருக்கும் நிலம்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காடாம்புலியூர். சுற்றிலும் செம்மண், முந்திரித் தோப்பு, பலா. தெற்கே நகரியத்தைக் கடந்தால் நிலக்கரிச் சுரங்கம். ஒருபுறம் தலைமுறைகளாக உழுது வரும் மண். மறுபுறம் ஆண்டுக்கு ஆண்டு உருமாறும் மண். இப்பகுதியில் நடுகல்லும் பழைய ஏரியும் தேடி அலையும் மாணவரும் நண்பரும் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: தலப்படத்தோடு கூடிய கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?

கருவியைப் பார்க்குமுன் அதற்குள் இருக்கும் படத்தைப் பாருங்கள் என்பதே நாம் கூறும் விடை. இவ்விடையின் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது; அது தொடங்கிய இடமும் தமிழ்நாடுதான்.

பரங்கிமலையில் நீட்டிய சங்கிலி

1794 இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்றை நிறுவினார். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் மூலம் அதுவே. எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியைக் கிடத்தி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அக்கோட்டின் மீது முதல் முக்கோணம் எழுந்தது. முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. எவரெஸ்டு சிகரத்தின் உயரம் வரை சென்ற அந்தப் பேரளவையின் முதற்கோடு நம் சென்னை மண்ணில் விழுந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆகவே கோயில் விமானங்களும் கோபுரங்களும் அளவை நிலையங்களாயின. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது பெருங்கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் தம் கூடாரத்தில் அமர்ந்து வாரக்கணக்கில் உழைத்து அதைத் தாமே சீர்செய்தார். ராஜராஜன் எழுப்பிய கற்றளி நிலப்பட வரலாற்றிலும் இடம்பெற்றது இவ்வாறுதான்.

இருநூறு மீட்டர்

பூமி முழு உருண்டை அன்று; துருவங்களில் சற்றே தட்டையானது. அந்தத் தட்டை எவ்வளவு என்பதை ஓர் அளவாக வைத்துக்கொண்டால் மட்டுமே படம் வரைய இயலும். லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830 இல் கணித்தளித்த அளவையே இந்திய நில அளவைத் துறை நெடுங்காலம் ஏற்றிருந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் அளவைப் பின்பற்றுகின்றன. இத்தகைய ஆதார அளவைக் கருவிகளில் 'டேட்டம்' என்று குறிப்பர்.

இவ்வேறுபாட்டால் நேர்வது என்ன? ஒரே நடுகல்லுக்கு இரு முறைகளிலும் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வேறுபடும். நம் பகுதியில் அவ்வேறுபாட்டைத் தரையில் அளந்தால் ஏறத்தாழ 200 மீட்டர். பழைய தலப்படத்திலிருந்து எடுத்த எண்ணை மாற்றாமல் புதிய கருவியில் இட்டால், ஏரிக்கரையில் நிற்க வேண்டியவர் தோப்பின் நடுவே நிற்பார். கருவியும் பழுதில்லை, படமும் பழுதில்லை; இரண்டும் வெவ்வேறு மொழியில் பேசுகின்றன, அவ்வளவே.

பூட்டப்பட்ட தாள்கள்

இந்திய நில அளவைத் துறையின் தாள் எண் முறையில் நம் பகுதி 58 எம் என்ற சதுரத்துக்குள் அடங்கும். எண் தெரிந்தாலும் தாள் கிடைத்துவிடாது. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் தலப்படங்கள் பாதுகாப்புக் காரணம் கருதிப் பல்லாண்டுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. 2005 இல் வெளிவந்த தேசிய நிலப்படக் கொள்கை படங்களை இரண்டாகப் பிரித்தது. பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, மக்களுக்கு டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவில் அமைந்த மற்றொரு வரிசை. 2017 இல் அத்தாள்களை இணையத்தில் இலவசமாகப் பெறும் வழி பிறந்தது. 2021 பிப்ரவரியில் நிலத்தரவு தொடர்பான கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன.

கருவியின் கதையும் இதைப் போன்றதே. பொதுமக்களுக்கான முதல் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை மெகல்லன் நிறுவனம் 1989 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையால் அந்நாளில் நூறு மீட்டர் வரை தவறு நேரும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. இன்று திறந்த வெளியில் ஒரு சில மீட்டர் துல்லியம் எளிதாகக் கிட்டுகிறது. இடம் காட்டுவதில் இன்றைய நல்ல கருவிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை; வேறுபாடு படத்தில்தான்.

2000 பிப்ரவரியின் நெய்வேலி

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ரேடார் கொண்டு நிலத்தின் உயரத்தை அளந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் தலப்படங்கள் பலவற்றில் நாம் காணும் சமஉயரக் கோடுகள் அந்த அளவையிலிருந்து பிறந்தவை. மலைக்கு இது போதும். மேற்குத் தொடர்ச்சி மலை கால் நூற்றாண்டில் இடம் பெயர்வதில்லை.

நெய்வேலியின் நிலை வேறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956 இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 இல் தோண்டும் பணி தொடங்கிற்று. 1961 இல் பழுப்பு நிலக்கரி எட்டப்பட்டது. அன்றிலிருந்து ராட்சதச் சக்கர எந்திரங்கள் மேல்மண்ணை அகழ்ந்து ஓரிடத்தில் பள்ளத்தையும் மற்றோரிடத்தில் குன்றையும் ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. ஊர்கள் பெயர்ந்தன, மக்கள் வேறிடம் சென்றனர். 2000 இல் அளந்த கோடுகளை நம்பி இன்று அங்கே நடப்பவர், படத்தில் சமவெளி இருக்கும் இடத்தில் மண்மலையைக் காணக்கூடும். முந்திரித் தோப்பின் தழைப்பரப்பையும் அந்த ரேடார் ஓரளவு தரையாகவே கணக்கிட்டது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

தேர்வு செய்யுங்கால்

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியவை சில. நாம் விரும்பும் படத்தை ஏற்ற இயலுமா? 2011 இல் வெளிவந்த கார்மின் இடிரெக்ஸ் வரிசையில் 10 என்னும் மலிவான கருவியில் விரிவான படம் ஏற்ற வழியில்லை. 20, 30 ஆகியவற்றில் நினைவக அட்டைக்கு இடமிருந்தது. விலைப்பட்டியலில் சிறிதாகத் தெரியும் இவ்வேறுபாடு களத்தில் பெரிதாகும். டேட்டத்தை மாற்றும் வசதி உண்டா? படத்தின் சமஉயரக் கோடுகள் எந்த ஆண்டு அளவை? கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் இயங்குமா? மழையிலும் வியர்வைக் கையிலும் பொத்தான்கள் தொடுதிரையைவிட நம்பத்தக்கவை.

உயரத்தைப் பொறுத்தவரை ஒரு விந்தை. தென்னிந்தியக் கடற்கரையில் கடல்மட்டம், ஜி.பி.எஸ். கொள்ளும் கணித மட்டத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே அமைந்துள்ளது. கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் இதைத் தாமே திருத்திவிடும். திருத்தாத செயலி கடலூர்க் கடற்கரையில் நிற்பவரையும் சுரங்கத்துக்குள் நிற்பதாகக் காட்டும்!

செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் வசதி கொண்ட கருவிகளை இந்தியாவில் உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கித் தருவதாகச் சொன்னாலும் இதை முதலில் கூறிவிட வேண்டும்.

எண்ணும் பெயரும்

1815 இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி, ஊர் அளந்த கையோடு ஊர்க்கதைகளையும் ஓலைச்சுவடிகளையும் திரட்டினார். அவற்றில் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. அளவையும் சொல்லும் இணைந்தாலே நிலம் முழுமை பெறும் என்பதை அவர் பணி உணர்த்துகிறது. நம் காலத்தில் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி இம்மண்ணின் சொற்களைக் காத்து வைத்திருக்கிறது. அச்சொற்களில் எத்தனை நம் கருவியின் படத்தில் உள்ளன?

கருவி வாங்குவோர் அதன் குறிப்பேட்டையும் பயன்படுத்த வேண்டும் என்று வேண்டுவோம். ஒரு நடுகல்லைக் கண்டால் எண்ணை மட்டும் பதியாதீர்கள்; டேட்டத்தையும் நாளையும் பதியுங்கள்; ஆடு மேய்ப்பவர் அவ்விடத்தை என்ன பெயரிட்டு அழைக்கிறார் என்பதையும் கேட்டுப் பதியுங்கள். சுரங்கத்தின் விளிம்பு நகர்ந்துகொண்டிருக்கும் நாட்டில், ஒரு மேட்டுக்கும் ஓடைக்கும் எஞ்சப்போவது அந்த ஒரு வரியாகவே இருக்கலாம்.