ஒரே வரிசையில் நாலு சக்கரம்



போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது நீங்கதானா?" என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். நானேதான். தலையில் ஹெல்மெட், மணிக்கட்டிலும் முழங்காலிலும் கவசம், காலில் மகளுடைய ஸ்கேட்டிங் ஷூ. ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன். நின்றேன். புல்தரையில் பத்தடி தூரம் நடந்தேன். அவ்வளவுதான்.

பேத்தியை வகுப்புக்குக் கூட்டிப்போய் மூன்று மாதமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்க முடியுமா? இந்தச் சக்கரச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

இதில் முதலில் வருகிறவர் ஜான் ஜோசப் மெர்லின். இன்றைய பெல்ஜியத்தில் ஹூய் என்ற ஊரில் 1735இல் பிறந்தவர். 1760இல் லண்டன் வந்தார். கடிகாரம், இசைக்கருவி, தானே அசையும் பொம்மை எல்லாம் செய்யும் கெட்டிக்காரர். வெள்ளியால் ஆன ஓர் அன்னப்பறவை இன்றும் இங்கிலாந்தில் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் கழுத்தை வளைத்து மீன் பிடிக்கிறது. அதன் இயந்திரம் இவர் கைவேலை. அந்த மெர்லின் ஒரு நாள் சோஹோ சதுக்கத்தில் நடந்த பெரிய மனிதர்களின் விருந்துக்கு, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வயலின் வாசித்தபடியே உருண்டு வந்தாராம். வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை, திருப்பவும் வழியில்லை. 500 பவுனுக்கு மேல் விலையுள்ள நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடியும் போச்சு, வயலினும் போச்சு, அவருக்கும் பலத்த காயம். பின்னாளில் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்த கதை இது. கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம்.

1819இல் பிரான்சில் பெத்திப்ளே என்பவர் ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் நேரே போகத்தான் லாயக்கு. 1823இல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் ஐந்து சக்கரம் வைத்து 'ரோலிட்டோ' என்று பெயரிட்டார். ஆக, ஒற்றை வரிசைதான் மூத்தது. நாமெல்லாம் முன்பு பார்த்த, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு வைத்த ஸ்கேட் அதற்குத் தங்கச்சி. நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் 1863இல் செய்தது. சக்கர ஜோடிகளுக்கு மேலே ரப்பர் மெத்தை வைத்தார். உடம்பைச் சாய்த்தால் ஸ்கேட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. சாதாரண சனங்களும் பயப்படாமல் ஏறினார்கள். மூத்தவளை எல்லோரும் மறந்தே போனார்கள்.

1980இல்தான் அவளுக்கு மறுவாழ்வு. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்காட் ஓல்சன் என்ற ஐஸ் ஹாக்கி விளையாட்டுக்காரப் பையன், ஒரு கடையில் பழைய ஒற்றை வரிசை ஸ்கேட் ஒன்றைப் பார்த்தார். கோடையில் பனி கிடையாதே, தரையிலேயே பழகலாமே என்று தம்பியோடு சேர்ந்து அதைச் செப்பனிட்டார். அதுதான் ரோலர்பிளேடு. குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை, அதுதான் பிரேக்.

வகுப்பில் முதல் பாடம் ஓடுவது இல்லை, விழுவது! முழங்கால் கவசம் முதலில் தரையில் படும்படி முன்பக்கமாக விழ வேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் இடுப்புக்கும் மண்டைக்கும் ஆபத்து. நிற்கும்போது குதிகால் இரண்டும் சேர்ந்து, விரல்கள் விலகி இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும். அப்படியே வாத்து நடை. நிறுத்த வேண்டுமா? பிரேக் உள்ள காலை முன்னே தள்ளி, விரல் பக்கம் தூக்கினால் கட்டை தரையில் உரசும். எனக்கு இது இன்னும் வரவில்லை. அதனால்தான் புல்தரை. அங்கே சக்கரம் உருளாது.

இவ்வளவு எழுதியது ஒருத்திக்காக. பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியும். 1997 என்று ஞாபகம், ஆறாம் வகுப்பு. இரும்புத் தகட்டில் நாலு சக்கரம், தோல் வாரால் கட்டுகிற ஸ்கேட் வைத்திருந்தாள். ஆண்டு விழாவில் ஓட்டிக்காட்ட ஆசைப்பட்டாள். அவள் அப்பா பள்ளிக்கு வந்து, "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "பொம்பளப் புள்ள, கை கால் ஒடைஞ்சா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றேன். அதுவரை நான் ஸ்கேட்டிங்கை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் மேல் கோபமும் காட்டவில்லை. இன்றைக்கும் என் பதிவுகளுக்கு முதலில் வணக்கம் போடுகிறவள் அவள்தான்.

அம்மாடி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு.

உன் மகளுக்கும் இப்போது பதினொரு வயதிருக்கும். எங்கள் வகுப்பு சனி, ஞாயிறு காலை ஆறரைக்கு. இந்தப் பக்கம் வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வா. மகளின் ஷூ உன் காலுக்கும் சேரும் என்று நினைக்கிறேன்.