இருபாலீர்ப்பு: ஒரு சொல்லின் வரலாறும் அதனைச் சூழ்ந்த பிழைக்கருத்துகளும்



இவ்வுரை ஒரு சொல்லைப் பற்றியது. ஆணிடத்தும் பெண்ணிடத்தும் காதலுணர்வு தோன்றக்கூடிய இயல்பை இன்றைய தமிழ் ‘இருபாலீர்ப்பு’ என்கிறது. அவ்வியல்புடையோரை ‘இருபாலீர்ப்பாளர்’ என்கிறது. செய்தியிலும் திரைப்படத்திலும் இச்சொல்லைக் காணும் மாணவர் அதன் பொருளை ஆசிரியரிடம் வினவக்கூடும். அப்போது தரப்படும் விடை, அதே வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் இன்னொரு மாணவர் தம்மைப் பற்றி முதன்முதலாகக் கேட்கும் விளக்கமாகவும் அமையலாம். ஆதலின் அவ்விடை பிழையற்றதாக இருத்தல் வேண்டும். இச்சொல்லைச் சூழ்ந்த பிழைக்கருத்துகளுள் பெரும்பாலானவை ‘இரு’ என்னும் எண்ணடையைத் தவறாகப் பொருள்கொள்வதால் விளைகின்றன என்பதே யான் இங்கு நிறுவ விழைவது.

முதலில் ‘பால்’ என்னும் சொல்லை நோக்குவோம். பகுப்பு, பக்கம் என்பன அதன் பழம்பொருள்கள். தொல்காப்பியம் அதனை இலக்கணக் கலைச்சொல்லாக ஆண்டு, உயர்திணைக்கு மூன்றும் அஃறிணைக்கு இரண்டுமாக ஐம்பால் வகுத்தது. பேடியரைக் குறிக்கும் பெயர் எவ்வாறு வினைமுடிபு கொள்ளும் என்பதையும் கிளவியாக்கம் ஆராய்கிறது. இவை யாவும் ஒருவர் யார் என்பதைப் பற்றியவை. ஒருவர் மனம் எவரை நாடுகிறது என்பது வேறு செய்தி. அதனைக் குறிக்கப் ‘பால்’ மட்டும் போதாது. ‘ஈர்ப்பு’ என்னும் சொல்லும் சேர்தல் வேண்டும்.

இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று கலந்து மயங்கியதை ஆங்கிலத்திலும் காண்கிறோம். ‘பைசெக்சுவல்’ என்னும் சொல் தொடக்கத்தில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஓருடலில் அமைந்த உயிரைக் குறித்தது. தமிழ் அறிவியல் நூல்களில் ‘இருபால் மலர்’ என வருவதும் இப்பொருளிலேயே. 1960ஆம் ஆண்டு மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்ற செம்பருத்தி, மகரந்தத் தாள்களும் சூலகமும் ஒருங்கே கொண்ட இருபால் மலராகும். கிராஃப்ட்-எபிங் என்னும் உளநோய் மருத்துவர் 1886இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலை 1892இல் சாட்டாக் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, அச்சொல் ஈர்ப்பைக் குறிக்கும் பொருளிலும் ஆளப்பட்டது. அதன்பின் பழம்பொருளும் புதுப்பொருளும் அருகருகே வழங்கின.

அமெரிக்க உயிரியலாளர் ஆல்பிரட் கின்சி 1948இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாலீர்ப்பு மட்டும் உடையோரைச் சுழியத்திலும், தன்பாலீர்ப்பு மட்டும் உடையோரை ஆறிலும் வைத்து, இடையில் பல படிநிலைகளைக் காட்டினார். மனிதரை இரண்டே பெட்டிகளில் அடைக்க இயலாது என்பது அவ்வளவுகோலின் உட்பொருள். அவரே ‘பைசெக்சுவல்’ என்னும் சொல்லை விரும்பினாரல்லர். உயிரியலில் அச்சொல் உடலமைப்பைக் குறிப்பதால் மயக்கம் விளையும் என அவர் கருதினார்.

அவர் அஞ்சிய மயக்கமே நம்மிடையே முதற்பிழையாக வழங்குகிறது. ‘இருபால்’ என்று கேட்டவுடன், ஆணும் பெண்ணும் கலந்த உடலுடையவர் எனச் சிலர் எண்ணுகின்றனர். உடற்கூற்றில் அவ்வாறு வேறுபாடுடையோரை ஊடுபாலர் என்கிறோம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினின்று வேறான பாலினத்தவராகத் தம்மை உணர்வோர் திருநர். இருபாலீர்ப்பாளர் என்பது ஈர்ப்பின் திசையை மட்டுமே குறிக்கும் பெயர்.

ஏனைய பிழைகளைக் களைய, இதே அமைப்பில் அமைந்த இன்னொரு சொல் நமக்கு உதவும். அஃது ‘இருமொழியாளர்’. ஜொகூர்த் தமிழருள் பலர் தமிழும் மலாயும் அறிந்தவர். சந்தையில் மலாயில் விலை பேசும் ஒருவர், அந்நேரத்தில் தமிழ் அறியாதவர் ஆகிவிடுவதில்லை. அவர் இருமொழியையும் ஒருங்கே பேசவேண்டுவதில்லை. இரண்டிலும் ஒத்த புலமை பெற்றிருக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இருமொழி பயிலும் குழந்தையின் அறிவு குழம்பும் எனக் கல்வியாளர் பலர் கருதினர். மாண்ட்ரியால் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் செய்து 1962இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை அசைத்தது. இருமொழியாளர் என்பவர் இரண்டு ஒருமொழியாளரின் கூட்டல்லர் என்று 1989இல் பிரான்சுவா கிரோஜான் எழுதினார். ஒருமொழியாளரை அளவுகோலாக வைத்து இருமொழியாளரை அளந்ததே பழைய பிழைக்குக் காரணம்.

இருபாலீர்ப்பும் அவ்வாறே அளக்கப்படுகிறது. ‘இஃது ஓர் இடைக்காலத் தடுமாற்றம், இறுதியில் ஒருபக்கம் சேர்ந்துவிடுவர்’ என்பர் சிலர். தம் இயல்பை அறிந்துகொள்ளச் சிலருக்குக் காலம் எடுக்கலாம். ஆனால் முதுமைவரை இருபாலீர்ப்பாளராகவே வாழ்ந்தோர் பலர். ‘பெண்ணை மணந்துகொண்டால் ஆண்மீதுள்ள ஈர்ப்பு மறையும்’ என்பது மற்றொரு கருத்து. துணையைத் தெரிவது ஒரு செயல். ஈர்ப்பு ஓர் இயல்பு. மணவாழ்வில் ஒருவரோடு நிலைத்து நிற்பவருக்கும் அவ்வியல்பு மாறுவதில்லை. இரண்டிடத்தும் ஈர்ப்பு ஒத்த அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதும் தேவையற்ற நிபந்தனையே.

இவற்றுள் மிகுந்த துன்பம் தருவது, ‘ஒருவரோடு நிறைவடையார், ஒரே காலத்தில் இருவரை நாடுவர்’ என்னும் பழி. இதற்கு நம் தொடரமைப்பும் ஓரளவு இடந்தருகிறது. உம்மைக்குத் தொல்காப்பியம் வகுத்த எட்டுப் பொருள்களுள் எண்ணும் ஒன்று. ‘ஆணையும் பெண்ணையும் விரும்புபவர்’ என்றால், கேட்போர் அவ்வும்மையை இருவரையும் ஒருங்கே எண்ணுவதாகக் கொள்வர். ‘ஆணோ பெண்ணோ, எவரிடத்தும் காதல் கொள்ளக்கூடியவர்’ என்று விளக்கினால் அம்மயக்கம் எழாது. வாக்குத் தவறாமை ஒருவர் ஒழுக்கத்தைச் சார்ந்தது. ஈர்ப்பின் வகையைச் சார்ந்ததன்று.

இருமொழி ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. மொழி கற்றுவருவது; ஈர்ப்பு கற்பிக்கப்படுவதன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 1990இல் ஏற்ற நோய்ப்பகுப்பின் பத்தாம் பதிப்பும், பாலீர்ப்பு தன்னளவில் ஒரு கோளாறாகக் கருதப்படாது எனத் தெளிவாக்கியது.

இனித் தமிழ்ச்சொல்லாக்கம். சொல்லாக்கம் பொதுப்பணி என்பதை ஜொகூரில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மலாய் மொழிக்கான டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1956 ஜூன் 22 அன்று பாலாய் புஸ்தாகா என்னும் பெயரில் ஜொகூர் பாருவில்தான் பிறந்தது. இத்துறையில் தமிழ்நாட்டிலும் அத்தகைய பணி நிகழ்ந்துள்ளது. ‘திருநங்கை’ என்னும் சொல் அரசு வழக்கில் ஏற்கப்பட்டது; 2008இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2021 ஜூன் 7 அன்று தொடர்புடைய வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் விரிவான ஆணை பிறப்பித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்புடைய சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. இருபாலீர்ப்பாளரைக் குறிக்க ‘ஈரர்’ என்னும் குறுஞ்சொல்லும் வழங்குகிறது. அது நாவிற்கு எளிது. ஆனால் அதில் ‘ஈர்ப்பு’ மறைந்து ‘இரு’ மட்டும் எஞ்சுகிறது. களைய விரும்பும் மயக்கத்திற்கு அது மீண்டும் வழிதிறக்கும். ஆதலின் வகுப்பறைக்கு நீண்ட சொல்லே ஏற்றது என்பது என் துணிபு.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, பிரித்தானியர் ஆட்சிவழி இந்நாட்டிற்கும் வந்தது. மனமொத்த வயதுவந்தோரின் உறவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அப்பிரிவினின்று விடுவித்தது. கடற்பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29 அன்று 377அ பிரிவை நீக்க வாக்களித்தது. மலேசியக் குற்றவியல் சட்டத்தில் அவ்வழிவந்த பிரிவுகள் இன்றும் உள்ளன. அவை சில செயல்களைக் குறிக்கின்றன. ஒருவர் உள்ளத்து ஈர்ப்பைக் குற்றமெனக் குறிக்கவில்லை. ஆகவே இச்சொல்லின் பொருளை விளக்கும் ஆசிரியர் அஞ்சவேண்டுவதில்லை. அச்சொல் தமக்குப் பொருந்துமோ எனத் தனிமையில் எண்ணும் மாணவரும் தம்மைக் குற்றவாளியாகக் கருதவேண்டுவதில்லை.

ஆசிரியர்க்கு மூன்று வேண்டுகோள்கள். ‘இருபால்’ எனச் சுருக்காது ‘இருபாலீர்ப்பு’ என முழுமையாகச் சொல்லுங்கள். பொருள் விளக்குகையில் ‘உம்’ விடுத்து ‘ஓ’ கொண்டு விளக்குங்கள். எவர் இவ்வியல்புடையவர் என்று வகுப்பில் எவரையும் சுட்டவோ, ஊகிக்கவோ இடந்தராதீர்கள். தமக்குரிய சொல்லைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையும் காலமும் அம்மாணவருக்கு உண்டு.