தனிப்பள்ளியிலிருந்து பொதுவகுப்பறைக்கு: தமிழகத்தில் உள்ளடங்கிய கல்வியின் வரலாறு – திருவண்ணாமலை மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உடல், புலன், அறிவு வளர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் வேறுபட்ட தேவைகளையுடைய குழந்தைகள் பொதுப்பள்ளியில் பிற குழந்தைகளோடு சேர்ந்து பயில்வதே உள்ளடங்கிய கல்வி எனப்படுகிறது. தமிழகத்தில் இக்கல்வி தனிப்பள்ளி, ஒருங்கிணைப்பு, உள்ளடக்கம் என்னும் மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தை அமரும் இடம் மாறியது. கற்பிக்கும் முறையோ அதே வேகத்தில் மாறவில்லை. கற்பித்தல் முறையில் நிகழ்ந்த மாற்றம் வேறொரு வழியில், வேறு திட்டங்களின் வாயிலாக வந்தது. இவ்விரு போக்குகளும் தனித்தனியே இயங்கியதே இன்றைய இடைவெளிக்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உள்ளடங்கிய கல்வி, தனிப்பள்ளி, ஒருங்கிணைந்த கல்வி, கற்றல் குறைபாடு, திருவண்ணாமலை, மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம்.

முன்னுரை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மேற்குப் பகுதியில் ஆதி அண்ணாமலையார் கோயிலைக் கொண்டு விளங்கும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி நாள்களில் இப்பாதையோரம் கையேந்தி அமர்ந்திருப்போருள் மாற்றுத்திறனாளிகளும் உளர். அதே பாதையை ஒட்டிய ஊர்களின் அரசுப் பள்ளிகளில் இன்று மாற்றுத்திறனுடைய குழந்தை ஒன்று சேர வந்தால் அதனை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. இரக்கத்திற்கு உரியவராகக் கருதப்பட்டவர் உரிமைக்கு உரியவராக ஏற்கப்பட்டதற்கு இடையே நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உள்ளது.

அவ்வரலாற்றைச் சட்டங்களின் வரிசையாக மட்டும் எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டும் வருகிறது. ஆயின், சட்டம் குழந்தையைப் பள்ளியின் வாயில் வரை கொண்டுவருகிறது. வகுப்பறைக்குள் அக்குழந்தை எதைக் கற்றது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றை மீள வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிப்பள்ளிகளின் காலம்

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் நவீனப் பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்னும் கிறித்தவத் தொண்டரால் தொடங்கப்பட்டது. அதனை அடுத்துத் தமிழகத்தில், பாளையங்கோட்டையில், 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியையும், 1897இல் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவித்திறன் குன்றியோருக்கான பள்ளியையும் நிறுவினர். இந்திய அளவில் மிகப் பழைய நிறுவனங்களுள் இவ்விரண்டும் அடங்கும்.

இப்பள்ளிகளின் பங்களிப்பை இருவகையாகக் காணலாம். ஒன்று, பார்வையற்ற குழந்தையும் காதுகேளாத குழந்தையும் கற்க வல்லவர்கள் என்பதை மெய்ப்பித்தது. மற்றொன்று, கருவியையும் முறையையும் குழந்தைக்கு ஏற்ப அமைத்தது. புள்ளியெழுத்து, தொட்டுணரும் பொருள், சைகை, உதட்டசைவு வாசிப்பு போன்றவை கற்பித்தலின் மையத்திற்கு வந்தன. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டபோது, தமிழும் அப்பொது முறைக்குள் அமைந்தது.

தனிப்பள்ளியின் குறை அதன் கற்பித்தலில் இல்லை. அதன் எட்டும் எல்லையில் இருந்தது. திருவண்ணாமலைப் பகுதியிலிருந்து ஒரு குழந்தை பாளையங்கோட்டையில் பயில வேண்டுமாயின், பெற்றோரையும் ஊரையும் விட்டு நெடுந்தொலைவு சென்று விடுதியில் தங்க வேண்டும். அவ்வாறு அனுப்ப இயலாத குடும்பங்களின் குழந்தைகள் வீட்டிலேயே இருந்தனர். முறை இருந்த இடத்தில் குழந்தை இல்லை. குழந்தை இருந்த இடத்தில் முறை இல்லை. பின்வந்த வரலாறு முழுவதும் இம்முரணைத் தீர்க்கும் முயற்சியே எனலாம்.

ஒருங்கிணைப்புக் காலம்

1944ஆம் ஆண்டின் சார்ஜென்ட் அறிக்கை, மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் கல்வி தேசியக் கல்வி முறையின் இன்றியமையாப் பகுதியாக அமைய வேண்டும் எனக் கூறியது. 1964–66ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, இயன்றவரை இக்குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்தது. எனினும் நடைமுறை 1974இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு நடுவண் அரசு ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. நூல், சீருடை, போக்குவரத்து ஆகியவற்றுக்கான உதவித்தொகையும், பார்வையற்றோர்க்கு வாசிப்பாளர் படியும், வள ஆசிரியர் பணியிடங்களும் இத்திட்டத்தில் இடம்பெற்றன.

இத்திட்டத்தைத் தொடங்கிய துறை எது என்பது கருதத்தக்கது. அது சமூகநலத் துறையின் பொறுப்பில் தொடங்கப்பட்டு, 1982இல்தான் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது. அதாவது, முதல் எட்டு ஆண்டுகள் பள்ளியில் நிகழும் ஒரு கல்விப்பணி, கல்வித் துறையின் பணியாகக் கருதப்படவில்லை. இப்பிரிவின் தடம் இன்றும் மறையவில்லை. தமிழகத்தில் தனிப்பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழும், பொதுப்பள்ளிகளில் நடைபெறும் உள்ளடங்கிய கல்வி பள்ளிக்கல்வித் துறையின் கீழும் இயங்குகின்றன. நூற்றாண்டு காலக் கற்பித்தல் அனுபவம் ஒரு துறையிடமும், குழந்தைகளின் பெருந்தொகை மற்றொரு துறையிடமும் உள்ளன.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உடலியக்கக் குறையும் பிற இலேசான குறையும் உடையோர் பொதுப்பள்ளியில் பயிலலாம் என்றும், கடுங்குறையுடையோர்க்கு மாவட்டத் தலைநகரங்களில் விடுதியுடன் கூடிய தனிப்பள்ளிகள் தேவை என்றும் வகுத்தது. ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல்லின் உட்பொருள் இங்குத் தெளிவாகிறது. பள்ளி தன் போக்கில் நிற்கும். அதற்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ள வல்ல குழந்தை உள்ளே வரலாம். பொருந்த வேண்டிய கடமை குழந்தையினுடையதாகவே இருந்தது.

மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும் திருவண்ணாமலையும்

வட ஆர்க்காட்டிலிருந்து 1989இல் பிரிந்து உருவான திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம், 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில் இடம்பெற்றது. தருமபுரி, தென்னார்க்காடு ஆகிய பகுதிகளும் அக்கட்டத்தில் சேர்க்கப்பட்டன. மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்க முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது பெண்கல்வி விழுக்காட்டின் பின்தங்கிய நிலை. மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் நிலை தேர்வுக்கு அளவுகோலாக அமையவில்லை. ஒருங்கிணைந்த கல்வி 1997இல்தான் இத்திட்டத்தின் ஒரு கூறாக இணைக்கப்பட்டது. அதே காலத்தில், 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் கூடிய உலக மாநாடு, பள்ளியே குழந்தைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் உள்ளடக்கக் கோட்பாட்டை அறிவித்திருந்தது.

2001 முதல் அனைவருக்கும் கல்வி இயக்கம் இப்பணியை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. எக்குழந்தையையும் மறுக்கலாகாது என்பது அதன் கொள்கை. வட்டார வள மையங்களைத் தளமாகக் கொண்டு மருத்துவ முகாம், உதவி உபகரணம், இயன்முறைச் சிகிச்சை, ஆயத்தப் பயிற்சி மையம், வீட்டுவழிக் கல்வி ஆகியன நடைமுறைக்கு வந்தன. பள்ளிகளில் சாய்தளங்கள் கட்டப்பட்டன. வீட்டிலேயே இருந்த குழந்தையைக் கணக்கெடுப்பில் கண்டறிந்து பதிவேட்டில் சேர்த்தது இக்காலத்தின் பெருஞ்சாதனை. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தின் நிலவியல் இத்திட்டத்தின் வரம்பையும் காட்டுகிறது. இம்மாவட்டத்தில் கிரிவலப் பாதையைச் சூழ்ந்த ஊர்களும் உண்டு. ஜவ்வாது மலையின் சிதறிய பழங்குடிக் குடியிருப்புகளும் உண்டு. வட்டார வள மையத்தைச் சார்ந்த சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் சுற்றிவர வேண்டும். அவர் வரும் நாளில் குழந்தை தனித்து அழைக்கப்பட்டுப் பயிற்சி பெறுகிறது. ஏனைய நாள்களில் வகுப்பாசிரியரின் பாடத்தைக் கேட்டு அமர்ந்திருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவோர் என்பதும் பணியின் தொடர்ச்சியைப் பாதிக்கிறது.

சட்டத்தின் வரையறையும் விரிவும்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, 18 வயது வரை கட்டணமில்லாக் கல்விக்கு வழிசெய்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டின் திருத்தத்தின் வாயிலாக மாற்றுத்திறனுடைய குழந்தைகளை நலிவுற்ற பிரிவினருள் சேர்த்தது. கடுங்குறை உடையோர்க்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தது. உள்ளடங்கிய கல்வியைக் குறைபாடுடையோரும் அல்லாதோரும் சேர்ந்து பயிலும் கல்வி என வரையறுத்ததோடு, கற்பித்தலும் கற்றலும் அவர்தம் தேவைக்கேற்பத் தகவமைக்கப்பட வேண்டும் என்பதையும் அவ்வரையறைக்குள்ளேயே வைத்தது. இடத்தோடு முறையையும் இணைத்த சட்ட வரையறை என்ற வகையில் இது திருப்புமுனையாகும்.

இச்சட்டம் ஏற்ற புதிய வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சென்னையில் 1990களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பணியாற்றத் தொடங்கிவிட்டது. எனினும் இக்குறைபாடு நாட்டின் சட்டத்தில் இடம்பெற ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. கண்ணுக்குப் புலப்படும் குறைக்குச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் விடையாகலாம். வாசிக்க இடர்ப்படும் குழந்தைக்கு விடை கற்பித்தலில் மட்டுமே உள்ளது.

தமிழ் எழுத்தின் அமைப்பை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிக்கப்படுகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் வேறுபடும் இவ்விடங்கள், தொடக்க வாசகருக்குத் தனிக்கவனம் தேவைப்படும் இடங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை அடிப்படையாகக் கொண்ட பயிற்சிகளை அப்படியே பெயர்ப்பதால் இவற்றுக்கு விடை கிட்டாது. தமிழ்வழி வகுப்பறைக்கான வாசிப்பு ஆய்வு, தமிழ்த் துறைகளும் கல்வியியல் துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய பணியாகும்.

அரசுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. இவை தேவையானவை. ஆனால் பத்தாம் வகுப்பில் கிட்டும் விலக்கு, முதல் வகுப்பில் கிட்டாத கற்பித்தலுக்கு ஈடாகாது.

வேறு வழியில் வந்த கற்பித்தல் மாற்றம்

கற்பித்தல் முறையில் தமிழகம் கண்ட பெருமாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டத்தின் பெயரில் வரவில்லை. ஆந்திரத்தின் ரிஷி வேலி ஊரகக் கல்வி அனுபவத்தைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. குழந்தை தன் கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏறலாம். விடுபட்ட படியிலிருந்து மீளத் தொடங்கலாம். அட்டைகளைக் கொண்டு தானாகவும் குழுவாகவும் பயிலலாம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்ப வகுத்துக் கற்பிக்க முனைந்தது.

வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்னும் எண்ணத்தை இம்முறைகள் கைவிட்டன. உள்ளடக்கக் கோட்பாட்டின் கருவும் இதுவே. ஆயினும் ஏணியின் படிகளை வகுத்தோரும் உதவி உபகரணம் வழங்கியோரும் வெவ்வேறு திட்டங்களைச் சார்ந்தவர்கள். செவித்திறன் குன்றிய குழந்தைக்கு ஓசைப் பாடலுக்கு மாற்று எது, பார்வைக் குறையுடைய குழந்தைக்குப் பட அட்டைக்கு மாற்று எது என்பன முறையின் உள்ளேயே விடையளிக்கப்பட வேண்டிய வினாக்கள். அவை பின்னர்ச் சேர்க்கப்படும் இணைப்புகளாகவே கருதப்பட்டன. இரு போக்குகளும் ஒரே வகுப்பறையில் நடந்தும், ஒன்றையொன்று சந்தித்தது அரிது.

சந்திக்க வேண்டிய இடம் வகுப்பாசிரியரே. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை அடுத்து, ஈராண்டுக் கல்வியியல் பட்டப் படிப்பில் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் என்னும் தாள் இடம்பெற்றது. அதற்கு முன் பட்டம் பெற்றுப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பணியிடைப் பயிற்சியே வாய்ப்பு. உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து, நடுவண் அரசு 2022இல், தொடக்க நிலையில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 மாணவருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. இவ்விகிதம் நிறைவேறினால், வாரத்தில் சில மணி நேரம் வந்துபோகும் பயிற்றுநர் என்னும் நிலை மாறி, வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடத்தைத் திட்டமிடும் சக ஆசிரியர் என்னும் நிலை தோன்றும்.

முடிவுரை

தனிப்பள்ளி முறையை அறிந்திருந்தது; ஆனால் சிலரையே எட்டியது. ஒருங்கிணைப்பு பலரை எட்டியது. ஆனால் பொருந்தும் பொறுப்பைக் குழந்தையிடமே விட்டது. உள்ளடங்கிய கல்வி அப்பொறுப்பைப் பள்ளியிடம் மாற்றியது; ஆனால் அதனைச் சுமக்கும் கற்பித்தல் முறை வேறொரு திட்டத்தில் வளர்ந்தது. இம்மூன்று கட்டங்களின் ஒப்பீட்டிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, தனிப்பள்ளிகளின் நூற்றாண்டு அனுபவத்தைப் பொதுப்பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வகையில் இரு துறைகளும் இணைந்து செயல்பட வேண்டும். இரண்டாவது, பாடப்பொருளும் கற்றல் அட்டையும் உருவாகும் மேசையிலேயே சிறப்பாசிரியரும் அமர வேண்டும்.

பள்ளிகளின் வெற்றியைச் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டு அளக்கும் வழக்கம் இவ்வரலாற்றின் ஒரு கட்டத்திற்குத் தேவையாயிருந்தது. இனி அளக்க வேண்டியது, அடி அண்ணாமலையிலோ ஜவ்வாது மலையிலோ சாய்தளத்தின் வழியே உள்ளே வந்த குழந்தை அன்று மாலை வீடு திரும்புகையில் புதிதாக எதைக் கற்றிருக்கிறது என்பதையே.