வீட்டிலே பிறந்த ஒலிப்பதிவு

ஒருவரே பாடி, அப்பாடலுக்குத் தாமே பின்பாட்டும் பாடுதல் கூடுமோ? கூடும் என்று உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல். 1915ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்து 2009இல் மறைந்த அவர், தம் முதுமையிற் கூறிவந்த நினைவுகள் கேட்கத் தக்கவை.

அவருடைய தாயாரிடம், துளையிட்ட காகிதச் சுருளால் தானே இயங்கும் பியானோ ஒன்று இருந்தது. சிறுவன் அச்சுருளிலே புதுத் துளைகளைக் குத்தி, இல்லாத சுரங்களைச் சேர்த்துப் பார்த்தான். பிற்காலச் சாதனைக்கு வித்து அதுவே எனலாம்.

வளர்ந்து புகழ்பெற்ற பின்னர் ஒருநாள், முந்திய இரவு வானொலியில் மகனின் வாசிப்பைக் கேட்டதாகத் தாயார் மகிழ்ந்து கூறினார். வாசித்தவரோ வேறொருவர்! பெற்ற தாயே பிரித்தறிய இயலாத இசை தன்னுடைய இசையாகுமா? அவர் ஹொலிவூட்டிலுள்ள தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையினுட் புகுந்து, தனக்கே உரிய ஒலியைத் தேடலானார்.

கடிலாக் மோட்டார் வண்டியின் கனத்த சுழற்சில்லைக் கொண்டு, இசைத்தட்டு வெட்டும் பொறியைத் தாமே அமைத்தார். ஒரு தட்டிற் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு தாமும் வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டிற் பதிவார். இவ்வாறு எட்டுக் கிற்றார்கள் ஒலிக்கும் ‘லவர்’ என்னும் இசைத்தட்டு 1948இல் வெளிவந்தது. எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே.

1949இல் பாடகர் பிங் குரொஸ்பி அவருக்கு அம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவி ஒன்றை வழங்கினார். போல் அதில் மேலுமொரு ஒலிமுனையைப் பொருத்தினார். பழைய ஒலி அம்முனையிற் கேட்கும். உடனே நாடாவிலிருந்து அழியும். புதிய வாசிப்போடு கலந்து அதே நாடாவில் மீண்டும் பதியும். இங்கேதான் இடர். இறுதிச் சுரத்திற் பிழைத்தாலும் அதுவரை சேர்த்த யாவும் பாழ். முதலிலிருந்தே தொடங்க வேண்டும். மேலும், பதியப் பதியப் பழைய ஒலி மங்குமாதலால், முக்கியமானவற்றை இறுதியிலேயே பதிந்தார். அவரும் மனைவி மேரி போர்டும் இம்முறையில் உருவாக்கிய ‘ஹவ் ஹை த மூன்’ 1951இல் அமெரிக்க இசைப்பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம் வகித்தது.

1957இல், அவர் வேண்டியபடி அம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடக் கருவியை ஆக்கிக் கொடுத்தது. ஒவ்வோர் ஒலியும் தனித்தனித் தடத்திற் பதிந்தமையாற் பிழைத்ததை மாத்திரம் திருத்த முடிந்தது.

இன்று பிழையை அழிப்பது எளிது. ஆயினும், பிழை பொறுக்காத கருவியின் முன் அமர்ந்து அவர் பழகிய கவனத்தை எந்தக் கருவியும் நமக்குத் தருவதில்லை. வகுப்பறையில் முப்பதாண்டு கழித்த எனக்கு, அவர் கதையில் மிகப் பிடித்த பாடம் அதுவே.